சோசின் நீர்த்தேக்கம், 1950: படைகளைத் தோற்கடித்தது குளிர்தானா?

தறிக்காரன் | நவம்பர் 27, காலை 7.15

கொரியப் போரில் வடகொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்த சண்டையைப் பற்றி எங்கே படித்தாலும் குளிர், குளிர் என்றே எழுதியிருக்கிறார்கள். அங்கே வென்றது சீனரும் அல்லர், அமெரிக்கரும் அல்லர், குளிர்தான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பழைய பட்டாளத்தான் | நவம்பர் 27, இரவு 9.40

பாதிக் கருத்தை ஒப்புக்கொள்கிறேன், மீதியை மறுக்கிறேன்.

1950 நவம்பர் 27 இரவு, நீர்த்தேக்கத்துக்கு மேற்கே யுதாம்-னி என்ற சிற்றூரில் தங்கியிருந்த அமெரிக்க மரைன் படையின் 5ஆம், 7ஆம் ரெஜிமென்டுகளைச் சீனர்கள் தாக்கினார்கள். தாக்கியது சுங் ஷிலுன் தலைமையிலான 9ஆம் படைத்தொகுதி. அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். எதிரே ஐ.நா. கொடியின் கீழ் இருந்தவர்கள் சுமார் 30,000 பேர், அவர்களும் ஒரே மலைச்சாலையில் முடிச்சு முடிச்சாகச் சிதறிக் கிடந்தார்கள். இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகை செல்சியஸ் வரை இறங்கியது.

கணக்கைப் பாருங்கள். அக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை மரைன் டிவிஷனில் சண்டையில் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் 4,418 பேர். சண்டையில் அல்லாமல் வீழ்ந்தவர்கள் 7,313 பேர், அவர்களில் பெரும்பாலோருக்குப் பனிக்கடி, அதாவது குளிரில் தசையே உறைந்துபோவது. சீனர்கள் பிற்காலத்தில் வெளியிட்ட கணக்கின்படி 9ஆம் படைத்தொகுதியில் சண்டை இழப்பு 19,202. குளிரால் வீழ்ந்தவர்கள் 28,954 பேர், அவர்களில் 4,000க்கும் மேற்பட்டோர் உறைந்தே இறந்தார்கள். இரு தரப்பிலும் குண்டைவிடக் குளிரே அதிகம் பேரைச் சாய்த்தது என்பது வரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் இரு தரப்பின் மீதும் ஒரே குளிர்தானே அடித்தது? அது எவர் பக்கமும் சாயவில்லை. ஒரு பக்கத்தில் பாதம் கறுத்தவன் விமானத்தில் ஏறி ஜப்பானிய மருத்துவமனைக்குப் போனான். மறுபக்கத்தில் பாதம் கறுத்தவன் அதே குழியில் மறுநாள் இரவையும் கழித்தான். இந்த வேறுபாட்டைக் குளிர் உண்டாக்கவில்லை. சண்டை தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அது தீர்மானமாகிவிட்டது. அதை நாளை எழுதுகிறேன், இப்போது கண் சொக்குகிறது.

பழைய பட்டாளத்தான் | நவம்பர் 28, மாலை 6.05

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

மரைன் டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் ஆலிவர் ஸ்மித். அவருக்கு மேலே, பல டிவிஷன்கள் சேர்ந்த 10ஆம் கோரின் தளபதி எட்வர்ட் ஆல்மண்ட், ஆல்மண்டுக்கும் மேலே டோக்கியோவில் ஐ.நா. படைகளின் தலைமைத் தளபதி மெக்ஆர்தர். மேலிடத்திலிருந்து வந்த ஆணை சீன எல்லையான யாலு ஆறு வரை விரைந்து போ என்பதே. ஸ்மித் விரையவில்லை. நவம்பர் 10 முதல் 23 வரை அவருடைய படை நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மைல்தான் நகர்ந்தது. ஹங்னாம் துறைமுகத்திலிருந்து யுதாம்-னி வரை 78 மைல் நீளமுள்ள ஒரே சாலை, பல இடங்களில் ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். அந்தச் சாலையில் சின்ஹுங்-னி, கோடோ-ரி, ஹகரு-ரி என மூன்று ஊர்களிலும் ஒவ்வொரு பட்டாலியனை நிறுத்தி, வெடிமருந்தையும் உணவையும் சேர்த்து வைத்துக்கொண்டே அவர் மேலே ஏறினார். அன்றைக்கு அது மேலதிகாரிகளுக்கு எரிச்சலூட்டியது. கீழ்ப்படிகிறேன் என்று சொல்லிக்கொண்டே மெதுவாக நடப்பது ராணுவத்தில் ஒரு கலை, அதில் தேர்ந்தவர்கள் மிகச் சிலர்.

அவர் செய்த இன்னொரு காரியம் ஹகரு-ரியில் விமான ஓடுபாதை போடச் சொன்னது. நவம்பர் 19 அன்று வேலை தொடங்கியது. தரை ஒன்றரை அடி ஆழத்துக்கு உறைந்திருந்ததால் வாரும் இயந்திரத்தின் அலகில் எஃகுப் பற்களைப் பற்றவைத்துக் கிளற வேண்டியிருந்தது. கிளறிய மண் அலகிலேயே ஒட்டி உறைந்துவிட, அதை உடைத்தெடுக்கக் காற்றழுத்தச் சுத்தி தேவைப்பட்டது. இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் புல்டோசர்கள் ஓடின. ஊரைச் சீனர்கள் தாக்கிய 28ஆம் தேதி இரவில் பொறியாளர்கள் வண்டியை விட்டிறங்கித் துப்பாக்கியைத் தூக்கினார்கள், எதிரிகளை விரட்டினார்கள், மீண்டும் வண்டியில் ஏறினார்கள்.

டிசம்பர் 1 அன்று முதல் விமானம் இறங்கியபோது ஓடுபாதையில் பாதி வேலைகூட முடிந்திருக்கவில்லை. நீளம் 2,900 அடி, அகலம் 50 அடி, அவ்வளவே. அதிலிருந்துதான் ஐந்து நாட்களுக்குள் 4,300க்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களையும் பனிக்கடி பட்டவர்களையும் ஏற்றி அனுப்பினார்கள். திரும்பி வரும் விமானங்கள் 500க்கும் மேற்பட்ட புது ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. சூழப்பட்ட ஊருக்குள் மனமறிந்து வந்து இறங்கிய அந்த ஆட்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

பழைய பட்டாளத்தான் | நவம்பர் 28, இரவு 10.50

மிட்டாய்க் கதை உண்மையா என்று கேட்டவருக்கு: அமெரிக்க வீரர்களிடம் டூட்ஸி ரோல் என்ற மிட்டாய் ஏராளமாக இருந்தது உண்மை, பலரை அது தாங்கிப் பிடித்ததும் உண்மை. டப்பாவில் அடைத்த இறைச்சி கல்லாக உறைந்துவிடும், அரைகுறையாக உருக்கித் தின்றவனுக்கு வயிற்றுப்போக்கு வரும். மிட்டாயோ வாயில் வைத்தால் இளகிவிடும். மோர்ட்டார் குண்டுக்கு அது சங்கேதப் பெயர் என்றும், குண்டு கேட்டதற்கு யாரோ குழம்பி மிட்டாயை வானத்திலிருந்து போட்டார்கள் என்றும் சொல்லப்படும் பகுதியை நான் நம்பவில்லை. பழைய படைவீரர்கள் கூடும் விருந்துகளில் ஆண்டுதோறும் ஒரு சுற்று பெருத்து வளரும் கதை அது. எங்கள் ரெஜிமென்டிலும் இப்படிப்பட்ட கதைகள் உண்டு, அவற்றில் இரண்டை நானே வளர்த்திருக்கிறேன்.

பழைய பட்டாளத்தான் | நவம்பர் 29, பிற்பகல் 3.20

இனி பாதத்தைப் பற்றி. எனக்குத் தெரிந்த துறை இது. லடாக்கில் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் உதவியாளனாக இருந்தவன் நான்.

குளிர்ப் பகுதியில் மாலைதோறும் காலுறையைக் கழற்றிப் பாதத்தைக் காட்ட வேண்டும் என்பது எங்களுக்கு விதி. அதிகாரியே டார்ச் அடித்து விரலுக்கு இடையில் பார்ப்பார். புதிதாக வந்த பையன்களுக்கு அது வெட்கமாக இருக்கும். ஒருநாள் காவல் முடித்து வந்த ஒரு பையன் வலி ஏதும் இல்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னான். கழற்றிப் பார்த்தால் பெருவிரலும் அடுத்த விரலும் மெழுகுவர்த்தி போல வெளுத்து, தட்டினால் கட்டையாக ஒலித்தன. வலி இருந்த வரை விரலுக்கு உயிர் இருந்தது, நின்றபின்தான் ஆபத்து. பக்கத்தில் இருந்த மூத்த ஹவில்தார் பனியை அள்ளித் தேய்க்க வந்தார். அவருக்குக் கற்றுத்தந்த வைத்தியம் அது. தேய்த்தால் உறைந்த தசை உள்ளேயே கிழியும் என்பதால் தடுத்து, கை பொறுக்கும் வெந்நீரில் காலை வைத்தோம். உணர்ச்சி திரும்பியபோது அவன் கத்திய கத்தல் பக்கத்துப் பங்கர் வரை கேட்டது. ஒரு நகம் மட்டும் போயிற்று.

எங்களிடம் வெந்நீர் இருந்தது, கதவு இருந்தது, மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. இதை வைத்துக்கொண்டு சோசினைப் படித்தால் வயிறு கலங்குகிறது. மரைன்களுக்குக் கொடுத்தது கீழே ரப்பரும் மேலே தோலும் வைத்துத் தைத்த பூட்ஸ். நடக்கும்போது உள்ளே வியர்க்கும், நின்றவுடன் அந்த வியர்வை உறையும். உள்ளே போடும் கம்பளித் தகட்டை மாற்றி மாற்றி, ஈரமானதை மார்போடு வைத்து உலர்த்த வேண்டும் என்பது விதி. சுடுகிறவனுக்கு முன்னால் உட்கார்ந்து யார் பூட்ஸைக் கழற்றுவது?

மருத்துவ உதவியாளர்கள் மார்ஃபின் ஊசிக் குழாய்களை வாயில் அடக்கிக்கொண்டு ஓடினார்கள், இல்லையென்றால் மருந்து உறைந்துவிடும். பிளாஸ்மாப் புட்டிகள் உறைந்து பயனற்றுப் போயின. காயத்தைப் பார்க்க உடையைக் கத்தரித்தால் ஆள் குளிரிலேயே இறந்துவிடுவான் என்பதால், இரத்தம் ஊறிய உடையின் மேலேயே கட்டுப் போட்டார்கள். அதே குளிர் காயத்தின் இரத்தத்தையும் உறையவைத்துச் சிலரைப் பிழைக்கவைத்தது என்று தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் நம்புகிறேன்.

பழைய பட்டாளத்தான் | நவம்பர் 29, மாலை 4.10

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பரிசோதிக்க வேண்டாம். கை பொறுக்கும் வெந்நீர் என்றேன், கொதிநீர் என்று சொல்லவில்லை. மீண்டும் உறைய வாய்ப்பிருக்கும் இடத்தில் உருக்கவே கூடாது. உருகி மறுபடி உறைந்த பாதத்தைக் காப்பாற்றுவது அரிது. கட்டாயமென்றால் உறைந்த காலோடு நடந்து வருவதே மேல்.

பழைய பட்டாளத்தான் | டிசம்பர் 1, இரவு 8.30

கேள்வி நியாயமானது: எல்லாம் முன்னேற்பாடுதான் என்றால், நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் இருந்த அமெரிக்கத் தரைப்படை ஏன் அழிந்தது? அவர்களும் அதே நாட்டினர்தானே?

அதே நாடு, அதே உணவு டப்பா, அதே பூட்ஸ். 31ஆம் ரெஜிமென்டை மையமாக வைத்து அவசரமாகத் திரட்டிய சுமார் 3,000 பேர், அவர்களில் சில நூறு பேர் போதிய பயிற்சியின்றிச் சேர்க்கப்பட்ட தென்கொரிய இளைஞர்கள். இந்த ரெஜிமென்டுக்குத் துருவக் கரடிகள் என்று பட்டப்பெயர். முதல் உலகப் போர் முடியும் காலத்தில் சைபீரியாவில் இருந்தபோது கிடைத்தது அது. பட்டப்பெயர் கம்பளி ஆகாது.

தலைவர் கர்னல் மக்லீன் நவம்பர் 29 அன்று சுடப்பட்டு எதிரியின் கையில் சிக்கினார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் லெப்டினன்ட் கர்னல் டான் ஃபெய்த். டிசம்பர் 1 அன்று அவர்கள் காயம்பட்டவர்களை லாரிகளில் அடுக்கி ஹகரு-ரி நோக்கிப் புறப்பட்டார்கள். தகர்ந்த பாலங்களும் சாலைத் தடைகளும் வரிசையை மீண்டும் மீண்டும் நிறுத்தின. நின்ற ஒவ்வொரு தடவையும் இருபுறக் குன்றுகளிலிருந்தும் குண்டு பாய்ந்தது. லாரியில் படுத்திருந்தவர்கள் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் காயம்பட்டார்கள். ஃபெய்த் கொல்லப்பட்டபின் வரிசை குலைந்தது. எஞ்சியவர்கள் உறைந்த நீர்த்தேக்கத்தின் மேல் ஊர்ந்தும் நடந்தும் வந்தார்கள். மரைன் அதிகாரி ஓலின் பீல் ஜீப்பைப் பனித்தட்டின் மேலேயே ஓட்டிப் போய் 300க்கும் மேற்பட்டவர்களை மீட்டார். ஹகரு-ரி வந்து சேர்ந்தவர்களில் சண்டையிடும் நிலையில் இருந்தவர்கள் 385 பேர்.

அவர்களிடம் இல்லாமற்போனவை எவை என்று பாருங்கள். ஒழுங்காக எட்டும் வானொலித் தொடர்பு இல்லை. மூன்று பட்டாலியன்கள் வந்து சேர வேண்டிய இடத்தில் இரண்டே வந்தன. டாங்குகள் பின்னாலேயே தடுக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, குன்றுகளில் ஆளை ஏற்றிக் காவல் நிறுத்தியபின் சாலையில் வண்டியை நகர்த்தும் அளவுக்கு ஆள்பலம் இல்லை. யுதாம்-னியிலிருந்து இறங்கிய மரைன்கள் செய்தது அதைத்தான்: முதலில் மேடு, பிறகு சாலை. ரேமண்ட் டேவிஸின் பட்டாலியன் டிசம்பர் 1 இரவில் சாலையை முற்றாக விட்டுவிட்டு மலை முகட்டின் வழியே பனியில் நடந்து, டோக்டாங் கணவாயில் சூழப்பட்டிருந்த வில்லியம் பார்பரின் கம்பெனியை அடைந்தது. சுமார் 240 பேரோடு பார்பர் அந்தக் கணவாயை ஐந்து இரவுகள் விடாமல் பிடித்து வைத்திருந்தார், காலில் குண்டு பட்டபின்னும். கணவாய் போயிருந்தால் யுதாம்-னியில் இருந்த எவரும் வெளியே வந்திருக்க முடியாது. யுதாம்-னியிலிருந்து ஹகரு-ரி வரையான 14 மைலைக் கடக்கப் படைக்கு மூன்று நாட்களுக்கு மேல் ஆயிற்று.

ஆகவே ஓடுபாதையையும் சரக்குக் கையிருப்பையும் பற்றி நான் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: யாருக்கு யார் தோள் கொடுப்பது என்பதும் முன்கூட்டியே ஏற்பாடாகியிருக்க வேண்டும். கிழக்குக் கரைக்கு அந்த ஏற்பாட்டை எவரும் செய்யவில்லை. ஆனாலும் இன்னொன்று. அந்த 3,000 பேர் சில நாட்கள் தாக்குப்பிடித்ததால்தான் எதிரே இருந்த சீன டிவிஷன்கள் ஹகரு-ரியின் மேல் முழுப் பலத்தோடு விழ முடியவில்லை. இதை ஒப்புக்கொள்ளவே பல ஆண்டுகள் ஆயின. அதுவரை அவர்களை ஓடிவந்தவர்கள் என்றே ஏசினார்கள். ஃபெய்த்தின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டது 2012இல்.

பழைய பட்டாளத்தான் | டிசம்பர் 3, காலை 6.45

நம்மவர் யாராவது அங்கே இருந்தார்களா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சோசினில் இல்லை. ஆனால் அதே டிசம்பரில், தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் நடந்த பின்வாங்கலில் இருந்தார்கள். இந்தியா அனுப்பியது 60ஆம் பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், ஆர்க்காட்டுப் பெயர் தாங்கிய நம் ஊர்க்காரர். பியோங்யாங்கைக் கைவிட ஆணை வந்தபோது மருத்துவப் பொருட்களை ஏற்ற லாரி இல்லை. பொருட்களை எரித்துவிட்டு வருவதற்கு அவருக்கு மனமில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, விறகும் கரியும் திரட்டிக் கொதிக்கவைத்து, சரக்கோடு தாங்களே ஓட்டிக்கொண்டு தேடோங் ஆற்றுப் பாலத்தைக் கடந்தார்கள். அதன்பின் பாலம் தகர்க்கப்பட்டது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. பிற்காலத்தில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியிலும் இருந்தார்.

எங்கள் பிரிவில் இந்தக் கதையைச் சொல்லாமல் எவரையும் பயிற்சியிலிருந்து வெளியே விடமாட்டார்கள். உபகரணத்தைத் தொலைத்துவிட்டு வந்து நின்றால், ரங்கராஜ் ரயிலையே கொண்டுவந்தார், நீ ஸ்ட்ரெச்சரைத் தொலைத்தாயா என்று கேட்பார்கள்.

பழைய பட்டாளத்தான் | டிசம்பர் 4, இரவு 9.15

பாலத்தைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது.

கோடோ-ரிக்குத் தெற்கே ஃபுன்சிலின் கணவாயில், மின்நிலையத்துக்கு நீர் இறங்கும் ராட்சதக் குழாய்களின் மேலே ஓர் ஒற்றை வழிப் பாலம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பாதாளம், சுற்றுவழி கிடையாது. சீனர்கள் அதை மீண்டும் மீண்டும் தகர்த்தார்கள். பின்னால் சுமார் 14,000 பேரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளும் நிற்கின்றன. ஆட்கள் மட்டுமென்றால் எப்படியாவது இறங்கிவிடலாம், லாரிகளில் இருக்கும் காயம்பட்டவர்களை என்ன செய்வது?

பொறியாளர் தலைவர் ஜான் பார்ட்ரிட்ஜ் பாலத்தையே வானத்திலிருந்து போடச் சொன்னார். ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள எஃகுப் பாலத் துண்டுகள் எட்டை, துண்டுக்கு இரண்டு பாராசூட் கட்டி, டிசம்பர் 7 அன்று கோடோ-ரியில் போட்டார்கள். ஒன்று எதிரியின் பக்கம் விழுந்தது, ஒன்று சேதமடைந்தது, தேவைப்பட்டவை நான்குதான். 9ஆம் தேதி பாலம் பொருத்தப்பட்டது. வண்டிகள் போகத் தொடங்கிய சிறிது நேரத்தில் மண்வாரும் இயந்திரம் ஒன்று இரண்டு எஃகுத் தடங்களுக்கு நடுவிலிருந்த ஒட்டுப்பலகையை உடைத்து மாட்டிக்கொண்டது. புரோசர் என்ற சார்ஜன்ட் அதைப் பின்னோக்கி ஓட்டியே மீட்டார். பலகை போனதால் இரண்டு தடங்களையும் தள்ளி வைத்தார்கள். டாங்குக்கு இரண்டு அங்குலம் மிச்சம். அதே தடத்தில் ஜீப்புக்கு மிச்சம் அரை அங்குலம். இரவில், உறைபனியில், டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வொரு வண்டியாக.

லடாக்கில் துண்டு துண்டாகப் பொருத்திய பெய்லி பாலத்தின் மேல் ஆம்புலன்ஸில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். அகலம் போதுமான பாலம்தான். ஓட்டுநர் பேசாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொள்வேன்.

பழைய பட்டாளத்தான் | டிசம்பர் 5, பிற்பகல் 1.00

சீனரைப் பற்றிக் குறைவாக எழுதிவிட்டதாகத் தறிக்காரன் கடிந்துகொள்கிறார்.

9ஆம் படைத்தொகுதி சீனத்தின் கிழக்குப் பகுதியில் இருந்தது. அங்கிருந்து அவசர அவசரமாக ரயிலேற்றி, வடக்கின் குளிருக்கான உடை முழுதாக வந்து சேரும் முன்பே எல்லை தாண்ட வைத்தார்கள். பஞ்சு திணித்த மெல்லிய உடை, துணிக் காலணி. விமானத்தின் கண்ணுக்குப் புகை தெரியக்கூடாதென்று தீ மூட்ட முடியாது, ஆகவே சூடான உணவும் கிடையாது. உறைந்த உருளைக்கிழங்கை அக்குளில் வைத்து இளக்கிக் கடித்தார்கள். பகலெல்லாம் பனியில் அசையாமல் படுத்திருந்து இரவில் தாக்கினார்கள். துப்பாக்கியை நீட்டிய நிலையிலேயே வரிசையாக உறைந்து இறந்துபோன கம்பெனிகளைச் சீனாவில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஃபுன்சிலின் கணவாய்க்கு மேலே 1081ஆம் குன்றை மரைன்கள் ஏறிப் பிடித்தபோது, குழிகளில் உறைந்துகிடந்த சீனர்களைக் கண்டார்கள். அந்தக் குன்றில் இருந்தவர்களுக்குக் கைவிரல் மடங்கியிருந்தால் பாலத்தின் கதை வேறாகியிருக்கும்.

வீரத்தில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களைக் கொன்ற குளிர், ரயில் நிலையத்தில் ஏற்றாமல் விட்ட மேலங்கிகளின் வடிவில் வந்தது. தறிக்காரரின் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்.

பழைய பட்டாளத்தான் | டிசம்பர் 7, இரவு 7.50

யார் வென்றது என்று கடைசியாக ஒருவர் கேட்டிருக்கிறார். வடகிழக்குக் கொரியா முழுவதும் சீனர் வசமானது, அது அவர்களுடைய வெற்றி. அதற்கு விலையாக 9ஆம் படைத்தொகுதி சில மாதங்களுக்குச் சண்டைக்கே வரமுடியவில்லை. சூழப்பட்ட மரைன் டிவிஷன் ஆயுதங்களோடும் காயம்பட்டவர்களோடும் கடற்கரைக்கு வந்தது. கோடோ-ரியில் மட்டும் 117 உடல்களை ஒரே குழியில் புதைத்துவிட்டு வர வேண்டியிருந்தது.

ஹங்னாமிலிருந்து டிசம்பர் 24க்குள் சுமார் 1,05,000 படைவீரர்களும் 90,000க்கும் மேற்பட்ட கொரியப் பொதுமக்களும் கப்பலேறினார்கள். பொதுமக்களை ஏற்றுவது முதலில் திட்டத்திலேயே இல்லை. ஹியூன் போங்-ஹாக் என்ற கொரிய மருத்துவர் ஆல்மண்டிடம் விடாமல் மன்றாடியபின்தான் இடம் கிடைத்தது. மெரிடித் விக்டரி என்ற சரக்குக் கப்பலில், பன்னிரண்டு பயணிகளுக்கு மட்டுமே வசதியுள்ள அதில், 14,000 பேரை ஏற்றினார் கேப்டன் லரூ. வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. தென்கொரியாவின் குடியரசுத் தலைவராக இருந்த முன் ஜே-இன்னின் பெற்றோர் அந்தக் கப்பலில் வந்தவர்கள்.

எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. ஃபுன்சிலின் பாலத்தை 11ஆம் தேதி அதிகாலையில் பொறியாளர்கள் தகர்த்தபோது, படையின் பின்னாலேயே நடந்துவந்த ஆயிரக்கணக்கான மக்களில் பலர் பாலத்துக்கு அந்தப்புறம் நின்றார்கள். அகதிகளுக்குள் எதிரி வீரர்கள் கலந்து வந்து கடைசி டாங்குகளைத் தாக்கியது உண்மை, ஆகவே அந்த முடிவைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. சரி என்றும் சொல்ல வரவில்லை.